மச்சானுடைய பிஸ்டல்

18 ஜனவரி 2009, ஞாயிறு

ரைபிள் கிளப்பில் பெரியவர்கள் போட்டி முடிந்தது. உத்திராபதி முதலாவது. நான் இரண்டாவது. போன வருஷமும் இதே வரிசை.

உத்திராபதி என் மச்சான், என் மனைவி இருசம்மாளின் தம்பி. சிதம்பரத்தில் அரிசி மில் வைத்திருக்கிறான். எனக்கு இளையவன். இதையெல்லாம் எனக்கு நானே எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகாமல், நரைத்த பிறகு அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டியவன் நான். ஒருவனைத் திட்டுவதற்கு முன்னால் அவன் யார் என்று முழுதாக எழுதினால்தான் மனசு ஆறுகிறது.

பத்துத் தோட்டா, குறித்த நேரத்துக்குள் சுட வேண்டும். என் ரிவால்வரில் ஆறு போகும். ஆறும் முடிந்ததும் சிலிண்டரைத் திறந்து, வெடித்த காலிகளை வெளியே தள்ளி, சட்டைப் பையில் துழாவி, மீதி நாலை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அவன் பிஸ்டலில் எட்டு. அது தீர்ந்தால் தோட்டா நிரப்பி வைத்த அடுத்த மேகசினைப் பிடிக்கு அடியில் செருகி ஒரு தட்டு. நான் பைக்குள் கை விட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் முடித்துவிட்டு என்னை வேடிக்கை பார்க்கிறான்.

"மாமா, உங்களுது மாட்டு வண்டி. ஓட்றவரு இன்னாதான் ஓட்டுனாலும் மாடு மாடுதான?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ராத்திரி சாப்பாடு எங்கள் வீட்டில். தம்பி வருகிறான் என்று காலையிலேயே துறைமுகத்துக்கு ஆள் அனுப்பிச் சுறா வாங்கியிருக்கிறாள் இருசம்மாள். சுறாப்புட்டு. பாதிச் சட்டி அவன் தட்டில். "போதும்க்கா, போதும்க்கா" என்கிறான், தட்டை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. நான் வாய்விட்டுக் கேட்கிற நாளில் கருவாட்டுக் குழம்புதான் வரும்.

20 ஜனவரி 2009

பேப்பரில் வந்த தம்பி படத்தை வெட்டி பீரோக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள் இருசம்மாள். ஓரத்தில் என் தோள் தெரிகிறது.

9 பிப்ரவரி 2009

சூர்யநாராயணன் கடைக்குப் போனேன். கடலூரில் துப்பாக்கி வைத்திருக்கும் பாதிப் பேர் அவர் கடையில் வாங்கினவர்கள்தான். மச்சானுடையது மாதிரியே ஒரு பிஸ்டலை எடுத்துத் துணியில் வைத்தார். தட்டையாக இருக்கிறது. கையில் எடுத்தால் உள்ளங்கைக்குள் ஒட்டிக்கொள்கிறது. என் ரிவால்வர் வயிறு புடைத்த சாமான்.

"ஸ்லைட இழுத்துப் பாருங்க" என்றார். மேல்பாகத்தை இடது கையால் பின்னுக்கு இழுத்து விட வேண்டும், அப்போதுதான் முதல் தோட்டா உள்ளே ஏறும். நான் இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? இழுத்துவிட்டால் வாங்கித்தான் தீர வேண்டும் என்று பட்டது.

"பொன்னுரங்கம், நான் விக்கறவன், ஆனா உண்மைய சொல்றேன். தோட்டா வெடிக்கலன்னா ரிவால்வர்ல இன்னொரு தரம் டிரிகர இழுத்தா அடுத்தது வந்துரும். இதுல சிக்குச்சுன்னா ரெண்டு கையும் வேணும். காலித் தோட்டா வேற நாலா பக்கமும் பறக்கும், குனிஞ்சு பொறுக்கணும். உங்க முட்டிக்கு எது தோதுன்னு பாருங்க."

"எவன் ஜெயிக்கறான், அத சொல்லுங்க."

அவர் துணியை மடித்தார். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார். என் லைசென்சில் கைத்துப்பாக்கி ஒன்றுதான். பிஸ்டல் வேண்டுமானால் ரிவால்வரை முதலில் கை மாற்ற வேண்டும். போனால் போனதுதான்.

முந்திரி வியாபாரத்தில் பண்ருட்டிக்கும் முதுநகருக்கும் பையோடு அலைந்த காலத்தில் வாங்கியது அந்த ரிவால்வர். ஒரு நாளும் ஒரு மனிதனைப் பார்த்து நீட்டியதில்லை. கிளப்பில் குறி அட்டையை மட்டும்தான் சுட்டிருக்கிறது. அதைக் கைவிடவும் மனசில்லை. விடாமல் இருந்தால் சாகும்வரை இரண்டாவது.

12 மார்ச் 2009

எலெக்‌ஷன் அறிவித்தாயிற்று. துப்பாக்கியை எல்லாரும் ஒப்படைக்க வேண்டும். ஸ்டேஷனில் கொடுக்கலாம், கடையிலும் கொடுக்கலாம். மச்சானும் சிதம்பரத்திலிருந்து சூர்யநாராயணன் கடைக்குத்தான் வந்தான். என்னுடையதையும் அவனுடையதையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரும்பு அலமாரியைப் பூட்டினார்.

ராத்திரி இருசம்மாளிடம் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணா படுத்துக்கினு இருக்குது."

"அதுங்களாவது சண்ட போடாம கெடக்கட்டும்" என்றாள்.

24 ஜனவரி 2010, ஞாயிறு

அவன் பிஸ்டல் சிக்கிக்கொண்டது. ஆறாவது தோட்டாவோ ஏழாவதோ. காலி ஒன்று பாதி வெளியே, பாதி உள்ளே. என் நெஞ்சு துள்ளியது. அந்த நிமிஷம் என் குறியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்தேன். டக்கென்று இழுத்து உதறிவிட்டுத் தொடர்ந்து சுட்டான். அவன் கையைப் பார்த்ததில் என் கடைசித் தோட்டா அட்டையிலேயே படவில்லை.

போட்டி முடிந்ததும் என்னிடம் வந்து, "ஒரு நாள் என்னுத வாங்கி சுட்டுப் பாருங்க மாமா, ஆசையா இருக்குதுல்ல" என்றான். எல்லார் காதிலும் விழும்படி.

"எனக்கு எதுக்குடா இரவல்?" என்றேன்.

தெரிந்திருக்கிறது அவனுக்கு.

23 ஜனவரி 2011

மறுபடி இரண்டாவது.

7 பிப்ரவரி 2011

முடிவு செய்துவிட்டேன். பிஸ்டல்தான். எலெக்‌ஷன் முடியட்டும், ரிவால்வரை விற்றுத் தரச் சொல்லி சூர்யநாராயணனிடம் சொல்லிவிட்டு வந்தேன். இருசம்மாள் கேட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடியைத் துடைக்கப் போனாள்.

23 மே 2011, திங்கள்

இன்று கடையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எலெக்‌ஷன் முடிந்து துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர் தன் கையாலேயே திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். நான் சிலிண்டரைத் தள்ளிக் காட்டினேன். ஆறு ஓட்டையிலும் வெளிச்சம். எனக்குப் பின்னால் மச்சான்.

அவன் பிஸ்டலை எடுத்தான். இடது கையால் ஸ்லைடைப் பிடித்தான். இழுக்கவில்லை. தொண்டையைச் செருமினான். பிடியை மாற்றினான். விரல்கள் இரும்பின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தன. வெளியே யாரையோ பார்ப்பது மாதிரி திரும்பி, "வெயிலு ஜாஸ்தி இன்னிக்கு" என்றான். மறுபடி பிடித்தான். மறுபடி வழுக்கியது.

சூர்யநாராயணன் பார்க்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்தார்.

"மாமா" என்றான் மெதுவாக. "நீங்க இழுங்க."

இழுத்தேன். சின்னச் சத்தம். ஸ்லைடு பின்னால் போய் நின்றது. இத்தனை வருஷம் நான் தொட ஆசைப்பட்டதை முதல் தடவை இழுத்தது அவனுக்காக.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சொன்னான். கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை நசுக்குகிறதாம். இடது கையில் பலம் போய்க்கொண்டிருக்கிறது. வலது கைக்கு ஒன்றும் இல்லை. "அக்கா கிட்ட சொல்லாதீங்க."

நான் தலையாட்டினேன். வீடு வந்து சேரும் வரை ஒரே எண்ணம்தான் ஓடியது. ஸ்லைடை இழுக்க முடியாதவன் ஜனவரி போட்டிக்கு வர முடியாது. சுடுகிற கோட்டில் நின்ற பிறகு இன்னொருவர் கை துப்பாக்கியில் படக் கூடாது என்பது கிளப் விதி.

24 மே 2011

ரிவால்வரை விற்க வேண்டாம் என்று சூர்யநாராயணனுக்குப் போன் செய்தேன்.

19 ஜூன் 2011, ஞாயிறு

மச்சான் வந்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதே கேட்டுவிட்டான்.

"சுத்தி வளைக்கல மாமா. உங்க ரிவால்வர எனக்கு மாத்திக் குடுங்க. என் பிஸ்டல நீங்க எடுத்துக்கங்க. ரெண்டு பேரும் கலெக்டர் ஆபீஸ்ல மனு போட்டா மாத்தித் தருவாங்களாம். உங்களுதுல கட்ட வெரலால ஹேமர பின்னால தள்ளுனா போதும், டிரிகரு பூ மாதிரி. இந்த எடது கை சும்மா தாங்கிக் குடுத்தா போதும்."

கேட்காமலே வருகிறது. நான் ஆசைப்பட்ட அதே பிஸ்டல், அவன் கையாலேயே. சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் எனக்கு அப்போது தெரிந்தது வேறு. என் ரிவால்வர் அவன் வலது கையில் இருக்கிறது, அட்டையின் நடுக் கறுப்பில் ஓட்டை விழுகிறது, இருசம்மாள் இன்னொரு படத்தை வெட்டி ஒட்டுகிறாள்.

"பாக்கலாம்" என்றேன். "தோப்புக்குத் தனியா போய் வரேன். பழகுன சாமான் கையில இருக்கணும்."

என் முந்திரித் தோப்புக்கு நான் ஒரு நாளும் ரிவால்வர் எடுத்துப் போனதில்லை. அது அவனுக்குத் தெரியும். முகத்தைத் துடைக்கிற மாதிரி துண்டை எடுத்து அப்படியே மூடிக்கொண்டான்.

அவன் போன பிறகு இருசம்மாள் வந்து நின்றாள். கை விஷயம் அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"அவன் கை போனதுல உங்களுக்கு ஒரு குளிர்ச்சி வந்துருக்குது. மூஞ்சில தெரியுது."

"வாய மூடு."

"மூடிக்கிறேன். நாப்பது வருஷமா மூடிக்கினுதான இருக்கேன்."

11 செப்டம்பர் 2011

ஞாயிறு தவறாமல் கிளப் ரேஞ்சுக்குச் சுடப் போகிறேன். கேப்பர் மலைச் செம்மண் மேட்டில் என் தோட்டா பதிகிற சத்தம் மட்டும் கேட்கிறது. பக்கத்தில் மச்சான் நிற்கிற இடம் காலி. நன்றாகத்தான் சுடுகிறேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். யாரிடம் காட்ட?

18 டிசம்பர் 2011

அடுத்த மாதம் போட்டி. பெயர் கொடுத்தாயிற்று. இந்த வருஷம் எனக்குத்தான். கிளப் செயலாளரே சொன்னார், "உத்திராபதி அண்ணன் இல்ல, உங்களுக்குத்தான் சார்."

அந்த "இல்ல" எனக்குப் பிடிக்கவில்லை.

30 டிசம்பர் 2011

புயல். எழுத முடியவில்லை.

1 ஜனவரி 2012

தோப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். முந்திரி ஒன்றுகூட நிற்கவில்லை. பலா மரங்கள் வேரோடு மண்ணைத் தூக்கிக்கொண்டு கிடக்கின்றன. எங்கே என் வரப்பு, எங்கே பக்கத்துக்காரன் வரப்பு என்று தெரியவில்லை. ரேஞ்சில் கொட்டகை பறந்துவிட்டதாம். போட்டி கிடையாது. அதைக் கேட்டபோது ஒன்றுமே தோன்றவில்லை.

கரண்ட் இல்லை. தண்ணீர் இல்லை.

2 ஜனவரி 2012

மச்சான் வந்துவிட்டான். சிதம்பரத்திலிருந்து மில் வண்டியில் அரிசி, தண்ணீர் கேன், மண்ணெண்ணெய், மரம் அறுக்கிற மிஷின். வழியில் கிடந்த மரங்களை அறுத்துத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அவன் ஊரிலும் அடிதான். மில் கூரைத் தகடு போய்விட்டது. அதை விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

வாசலில் வேப்பமரம் கதவை அடைத்துக் கிடந்தது. ஆட்கள் வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இவன் பொறுக்காமல் மிஷினைத் தானே எடுத்தான். இடது கையால் அழுத்திப் பிடித்து வலது கையால் கயிற்றை இழுக்க வேண்டும். இடது கை நிற்கவில்லை. மிஷின் துள்ளி அவன் காலடியில் விழுந்தது. சுற்றிலும் பார்த்தான், யாராவது பார்த்தார்களா என்று. நான் பார்த்துவிட்டேன்.

போய் மிஷினை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "இழுடா" என்றேன். இழுத்தான். ஓடியது.

மரம் அறுபட்டு வாசல் திறந்த பிறகு இரண்டு பேரும் அந்தக் கட்டை மேலேயே உட்கார்ந்தோம். தலையெல்லாம் மரத்தூள்.

"ரிவால்வர எடுத்துக்கடா" என்றேன்.

"தோப்புக்குத் தனியா போவீங்களே மாமா, பயமாச்சே" என்றான்.

"தோப்பு எங்கடா இருக்குது?"

அவன் சிரித்தான். நானும். இருசம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு பேருக்கும் கடுங்காபி கொண்டுவந்து வைத்தாள்.

27 பிப்ரவரி 2012

கலெக்டர் ஆபீசில் மனு. நான் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை மச்சான் பொறுமையாக நின்றான். கிண்டல் செய்யவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

6 ஆகஸ்ட் 2012

மாற்றியாயிற்று. சூர்யநாராயணன் கடையில் அவன் என் ரிவால்வரைக் கையில் எடுத்து, கட்டை விரலால் ஹேமரைத் தள்ளிப் பார்த்தான். பச்சைப் பிள்ளையின் முகம். நான் பிஸ்டலை எடுத்தேன். கனமாக இருந்தது. முன்பு ஏன் லேசாகத் தெரிந்தது?

23 செப்டம்பர் 2012, ஞாயிறு

ஜனவரியில் நின்ற போட்டியை இன்று நடத்தினார்கள். கொட்டகைக்குப் புதுத் தகடு.

பிஸ்டல் என் கையில் துள்ளுகிறது. எல்லாம் இடது பக்கமே போகிறது. மேகசின் தட்டி ஏற்றினேன், நேரம் மிச்சமாயிற்று, அந்த மிச்ச நேரத்தில் அவன் சுடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு முடிந்ததும் சட்டைப் பையில் துழாவினான், இடது விரல்களில் ஒரு தோட்டா நழுவியது, எடுத்துப் போட்டான், கடைசி மணி அடிப்பதற்குள் முடித்தான். எல்லாம் கறுப்புக்குள். மாட்டு வண்டியை வைத்துக்கொண்டு.

அவன் முதலாவது. நான் நாலாவது. என் காலித் தோட்டாக்கள் மண்ணில் சிதறிக் கிடந்தன. குனிய முடியாமல் நின்றேன். மச்சான் குனிந்து ஒவ்வொன்றாக வலது கையால் பொறுக்கி என் பையில் போட்டான். "பிஸ்டல்காரரே" என்றான். அடிக்கலாம் போலிருந்தது.

ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பாடு. சுறாப்புட்டு. அவன் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று வழக்கம்போலப் பார்த்தேன். இருசம்மாள் சட்டியை அவனைத் தாண்டிக் கொண்டுவந்து என் தட்டில் பாதியைக் கவிழ்த்தாள்.

"போதும்" என்றேன். தட்டை இழுத்துக்கொள்ளவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் தன் தட்டைத் தொடாமல் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.