மூன்றாவது பிளாப்பியில் சந்தனம்

கோயம்புத்தூர்
24.10.1988

அன்புள்ள அப்பாவுக்குச் சீனுவாசன் வணங்கி எழுதுவது. நான் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா?

இங்கே ஒரு சின்னச் சிக்கல்தான். புராஜெக்டுக்காக, படம் வரையும் சாப்ட்வேரைப் பிளாப்பி என்கிற தகடுகளிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றினோம். மூன்றாவது பிளாப்பியில் நின்றுவிட்டது. உள்தகடு தெரியும் இடத்தில் சந்தனப் பொட்டு. ஆயுத பூஜையன்று அதை வைத்தவன் நான். ஆனால் பூஜை போட்டவர் லேப் அட்டெண்டர் கோதண்டபாணி என்பதால், இன்று அவரை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாக எங்கள் புராஜெக்ட் சார் சொல்லிவிட்டார்.

"பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலியாடா? சொன்னா நம்மள பெயில் பண்ணிடுவாரு. வாய மூடிக்கினு இரு" என்கிறான் கூடப் படிக்கும் திண்டிவனத்துச் சக்கரபாணி.

கிளியனூரிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் மல்லாட்டை கொடுத்தனுப்புங்கள்; இங்கே நிலக்கடலை என்றால்தான் புரிகிறது. நீங்களே வந்தாலும் நல்லது.

சார் வண்டி வந்துவிட்டது. போய்ச் சொல்லிவிடுகிறேன்.

சீனு