ஜன்னலுக்கு நேரே ரோஜாப் பாத்தி

சேசு மரி சூசை துணை

ஆரப்பாளையம், மதுரை
4-10-1937

மகள் ஆனிமேரிக்கு ஞானமுத்து எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான் சுகம். கொட்டாம்பட்டியில் நீங்களும் சுகமென்று நம்புகிறேன். ஜூலை மாதக் கார்டைத் தவிர ஐந்து வருஷமாக எழுதாதவன் கடிதம் போட்டிருக்கிறானே என்று நீ வேறு எதுவும் எண்ணிக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒரு விவரம் தேவைப்படுகிறது. அது உனக்கு மட்டும்தான் தெரியும் என்கிறார்கள். அதற்காகவே எழுதுகிறேன்.

ரிட்டயர் ஆன பிறகு நான் கட்டிய இந்த வீட்டின் முன்பக்கம் வெறும் கட்டாந்தரையாகக் கிடக்கிறது. குடிவந்த நாள் முதலே உன் அம்மா, ஜன்னலுக்கு நேரே ஒரு ரோஜாப் பாத்தி போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் காம்பவுண்டு சுவர், அடுத்தது கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர், அதன் பிறகு பூச்செடி என்று நான் வரிசை போட்டு வைத்திருந்தேன். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போட்டவன் புத்தி வேறு எப்படி இருக்கும்? கிணற்று வேலை முடிவதற்குள் அவள் போய்விட்டாள். சொன்ன காரியத்தையாவது செய்துவிடலாமென்று இப்போது ஆரம்பித்திருக்கிறேன்.

பாத்தி பதினோரு அடி நீளம், மூன்றடி அகலம், முழங்கால் ஆழம். காளவாசல் பக்கமிருந்து ஒரு வண்டி செம்மண் அடித்து, ஆட்டுப்புழுக்கையும் வைகை மணலும் கலந்து பத்து நாள் ஆறப்போட்டேன். நானே கொத்தினேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

செடிக்காரன் உக்கிரபாண்டி தள்ளுவண்டியில் தொட்டிகளைக் கொண்டுவந்து காட்டினான். கொடைக்கானல் சிவப்பு ஒன்று, பூ கிண்ணம் அளவு இருக்கிறது. மலைக் குளிரில் வளர்ந்தது நம் சித்திரை வெயிலுக்கு நிற்குமா என்று கேட்டால், இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினால் நிற்கும் என்கிறான். பெங்களூரிலிருந்து வந்த ஒட்டு மஞ்சளும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒட்டுக்குக் கீழே முளைக்கிற காட்டுத் தளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமாம், எனக்கு ஆகாது. வெள்ளை கல்லறைத் தோட்டத்தை நினைவூட்டுகிறது. நாட்டுப் பன்னீர் ரோஜாவும் வைத்திருந்தான். கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கூடை கூடையாக உதிர்க்கிற பூவை முன்வாசலில் வைப்பானேன் என்று அதையும் தள்ளிவிட்டேன். என் மனசுக்குச் சிவப்புதான். உள்ளே மாட்டியிருக்கும் திருஇருதயப் படத்துக்கும் பொருத்தமாக இருக்கும்.

அப்போது அந்த உக்கிரபாண்டி, “வாத்தியாரய்யா, ஒங்களுக்குப் பிடிச்சது இருக்கட்டும், அம்மாவுக்கு எது பிடிக்கும்?” என்று கேட்டுவிட்டான். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவன், பதில் தெரியாத பையனைப் போல முழித்துக்கொண்டு நின்றேன்.

பால்காரி ஒச்சம்மாள் பக்கத்தில் நின்றாள். “ரோசாச் செடி பத்தியெல்லாம் அம்மா ஆனிக்குத்தான் எழுதுவாக” என்றாள். உன் அம்மா உனக்கு எழுதிக்கொண்டிருந்தாள் என்பதும், அந்தக் கடிதங்களை இவள்தான் தபால் பெட்டியில் போட்டு வந்தாள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றி இப்போது பேச வேண்டியதில்லை.

எந்த ரோஜா, எத்தனை செடி என்று ஒரு கார்டில் இரண்டு வரி எழுதினால் போதும். ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டுவிட வேண்டும். வேறு விசேஷமில்லை. சர்வேசுரன் உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
சூ. ஞானமுத்து


சேசு மரி சூசை துணை

ஆரப்பாளையம், மதுரை
16-10-1937

அன்புள்ள ஆனிக்கு அப்பா எழுதுவது.

உன் கார்டு கிடைத்தது. பன்னீர் ரோஜா, இரண்டு செடி, படுத்திருந்தாலும் வாசம் வரும்படி ஜன்னலை ஒட்டி, என்று எழுதியிருந்தாய். நான் வேண்டாமென்று தள்ளியதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். உக்கிரபாண்டியைத் தேடிப் பிடித்து இரண்டு நல்ல செடியாகப் பொறுக்கி வாங்கினேன். பூ சின்னது, வெளிர் ரோஸ் நிறம், முள் அதிகம். முந்தாநாள் சாயங்காலம் நட்டாயிற்று. ஒன்றில் துளிர் விட்டிருக்கிறது, மற்றது கொஞ்சம் வாடினாற்போல் இருக்கிறது. மதிய வெயில் படாமலிருக்கத் தென்னங்கீற்று சாத்தியிருக்கிறேன். ரோஜாவைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதலாம். எழுதிவிட்டு, கார்டின் அடியில் நீ கேட்டதைக் கவனிக்காதவன் போல் கையெழுத்துப் போடலாம். மூன்று நாளாக அதைத்தான் செய்யப் பார்த்தேன்.

ஜூலை மாதம் நான் போட்ட கார்டும் இதே மாதிரி இரண்டு நாளில்தான் வந்தது என்று எழுதியிருந்தாய். அதன் கீழே, “அம்மா என்னைத் தேடினார்களா?” என்று ஒரே ஒரு வரி.

தேடினாள். காய்ச்சல் விழுந்து ஆறாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரைக்கும் உன்னைத்தான் தேடினாள். ஆள் அனுப்பியிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறாள் என்று நான் சொன்னேன். யாரையும் அனுப்பவில்லை. ஆனிக்குச் சொல்லியாச்சா என்று ஒச்சம்மாள் கேட்டபோது அவளிடமும் ஆச்சு என்றேன். வாசலில் ஜட்கா சத்தம் கேட்கும்போதெல்லாம் உன் அம்மா தலையைத் தூக்கிவிடச் சொல்வாள். தூக்கிவிடுவேன். ஜன்னல் வழியே பார்ப்பாள். வெளியே கட்டாந்தரைதான் தெரியும்.

புதன்கிழமை விடியற்காலை உயிர் போயிற்று. கொட்டாம்பட்டி பஸ்ஸில் ஒரு ஆளை ஏற்றிவிட்டிருந்தால் மத்தியானத்துக்குள் நீ வந்து சேர்ந்திருப்பாய். தந்தி கொடுத்திருந்தாலும் வந்திருப்பாய். நான் கார்டு வாங்கினேன். அதையும் சாயங்காலம் அடக்கம் முடிந்து திரும்பும் வழியில்தான் பெட்டியில் போட்டேன். மறந்து போய்ப் போட்டதல்ல, ஆனி. கணக்குப் பார்த்துப் போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். நீ வந்தால் மாசிலாமணியும் வருவான். அடக்கப் பூசைக்கு வருகிற ஜனங்களெல்லாம், தலைமையாசிரியர் மகளைக் கட்டிய பதிதன், புரோட்டஸ்டண்டுக்காரன் இவன்தான் என்று பார்ப்பார்கள். அவன் பெட்டிக்குத் தோள் கொடுக்க வந்து நின்றால் நான் என்ன செய்வது? அந்த ஒன்பது நாளும் உன் அம்மாவின் காய்ச்சலைப் பற்றி நினைத்ததைவிட அதிகமாக இதைத்தான் நினைத்தேன். வேதத்துக்காகச் செய்கிறேன் என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். எல்லாம் வெறும் வீம்பு.

வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தபோது கதவு சாத்தியிருந்தது. வீட்டில் யாரும் இல்லையென்று நினைத்தாயோ, தெரிந்துதான் போனாயோ, எனக்குத் தெரியாது. நான் உள்ளேதான் இருந்தேன். கதவுக்குப் பின்னால், தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று தடவை தட்டினாய். உன் குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. ஒச்சம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த சத்தம் கேட்டது. பெண் குழந்தை என்று அவள்தான் பிறகு சொன்னாள். பெயர் என்னவென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். சுவாமியார் செபமாலை சொல்லும்படி அபராதம் கொடுத்தார். மிச்சத்தை மகளுக்கு எழுதும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை என்று அனுப்பிவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் சொல்லாவிட்டாலும் உன் கார்டு வந்த பிறகு எனக்குத் தூக்கமில்லை.

என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம். மாசிலாமணிக்கு வாசித்துக் காட்டலாம். அவனும் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவன்தான் நான். ஆனால் ஒரு காரியம் மட்டும் பாக்கி இருக்கிறது. அது என்னுடையதல்ல, அதனால் அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி, இனி நீ வந்து சேரமாட்டாய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் பொய்யும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வார்த்தை ஏசவில்லை. என் வலது கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையில் அவள் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டாள். குறுக்குக் கோடு சரியாக விழவில்லை, மறுபடியும் போட்டாள். “இத ஆனி நெத்தியில போட்டுருங்க” என்றாள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். வா, ஆனி. மாசிலாமணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. என்னோடு பேச வேண்டாம், என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். ஒரு நிமிஷம் நெற்றியைக் காட்டினால் போதும். மூன்று மாதமாக அதை என் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். தபாலில் அனுப்ப முடியாது அம்மா.

உன் அப்பா,
ஞானமுத்து