கிழ ராஜாவின் பகுதி

1955 ஜூன் 5, ஞாயிறு

காலையிலிருந்து மழை. ஆனாலும் பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. கிரேக்கர்களின் பழைய போர்க்காவியத்தை ஞாயிறுதோறும் எல்லாரும் கூடி வாசிப்போம் என்று தொடங்கியபோது, இந்தத் தேயிலைத் தோட்டத்தில் யார் வருவார்கள் என்று நினைத்தேன். இப்போது வட்டவளை டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள்கூட அந்நேரத்துக்கு ஓடி வந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி எழுதுவது நான். ஆளுக்கொரு பகுதியாக வாசிப்பது அவர்கள். முற்றுகையிடப்பட்ட நகரத்தின் கிழ ராஜாவாக வாசிப்பவர், கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்யும் வீரய்யா. மழைச் சத்தத்தையும் மீறும் குரல்.

இன்று கதையில் ராஜாவின் மகன் கொல்லப்பட்டான். எதிரி அவன் உடலைத் தேரில் கட்டி இழுத்துப் போனான். வீரய்யாவின் மகன் கந்தப்பன் எழுந்துவிட்டான். "நல்லவனச் சாகடிச்சிட்டு என்னா கதைங்க டீச்சர் இது?" எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஜூன் 9

மண் சரிந்துவிட்டது. மேல் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பரா அறைகள் இரண்டும் போய்விட்டன. வீரய்யாவும் மனைவி காளியாயியும் தப்பிவிட்டார்கள். கந்தப்பன் — வெளியே வந்தவன், ஆட்டை அவிழ்க்கத் திரும்பி ஓடினானாம். கடவுளே, ஒரு ஆட்டுக்காகவா?

ஜூன் 11

தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆடு கிடைத்தது. அவன் இல்லை.

ஜூன் 13

தோண்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. பறிக்க ஆளில்லாமல் கொழுந்து முற்றுகிறதாம். இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல வீரய்யா என்னையும் பங்களாவுக்கு அழைத்துப் போனார். படிக்குக் கீழே மழையில் நின்றோம்.

"இன்னும் கொஞ்ச நாளு ஆள் குடுங்க தொரை. புள்ள ஒடம்பு அங்கதானே கெடக்கு."

சொன்னேன். போதுமான நாள் கொடுத்தாயிற்று என்றார் துரை. அதைத் தமிழில் சொல்லத் தேவை இருக்கவில்லை. துரையின் முகத்தைப் பார்த்தே வீரய்யா திரும்பி நடந்துவிட்டார்.

ஜூன் 19, ஞாயிறு

கதை முடிந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டேன். மிச்சம் இருப்பது, கிழ ராஜா எதிரியின் கூடாரத்துக்குப் போய் மகன் உடலைக் கேட்கும் பகுதி. அதை எப்படி இந்த மனிதர் கையில் கொடுப்பேன்?

காளியாயி இன்னும் அழவில்லை. கருமாதிப் பேச்சை எடுத்தாலே, "ஒடம்பப் பாக்காம எப்படிங்க? எம்புள்ள எங்கயாச்சும் ஆஸ்பத்திரியில கெடப்பான்" என்கிறாள்.

ஜூன் 28

வீரய்யா வந்தார். "ராசா மகன் ஒடம்பு என்னாச்சுங்க டீச்சர்? அதச் சொல்லாம கதை எப்படி முடியும்?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்து எழுந்து நின்றார். "எழுதிக் குடுங்க. நான்தான் வாசிக்கணும்."

எழுதுகிறேன். இது சரியா?

ஜூலை 10, ஞாயிறு

வீரய்யா வாசித்தார். மகனைக் கொன்றவனின் கையை ராஜா முத்தமிடும் இடத்தில்கூடக் குரல் உடையவில்லை. பிறகு எதிரி, சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும், அதுவரை போரை நிறுத்திவைக்கிறேன் என்கிறான். அங்கே நின்றுவிட்டார்.

"எத்தனை நாளுன்னு கேக்குறான் பாருங்க," என்றார் எங்களைப் பார்த்து. தாளை என்னிடம் நீட்டினார்.

மீதியை நான் வாசித்தேன். உடல் வீடு வந்தது, தாய் அழத் தொடங்கினாள் என்ற இடத்தில், பின்வரிசையிலிருந்து ஒப்பாரி எழுந்தது. காளியாயி. கந்தப்பன் பேரைச் சொல்லி, மாரில் அடித்துக்கொண்டு. பெண்கள் எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். தாளில் இன்னும் அரைப் பக்கம் இருந்தது. வாசிக்கவில்லை.

ஜூலை 24, ஞாயிறு

ஆற்றங்கரையில் கந்தப்பனுக்குக் கருமாதி. நாள் பார்க்கச் சொன்னது காளியாயிதானாம். திரும்பும்போது என் பக்கத்தில் நடந்து வந்தாள்.

"அந்த ராசா சம்சாரம் அப்பறம் என்னா பண்ணுனாங்க டீச்சர்?"

"அது கதையில இல்ல காளியாயி."

லயத்துக்குப் பிரியும் பாதையில் நின்று, "நாளைக்குக் காலையில பேர் பதியுற பெரட்டுக்குப் போறேங்க. கொழுந்து எடுக்கணும்ல" என்றாள்.

அவளுக்குக் கொழுந்து எடுக்கக் கொடுத்திருக்கும் மலை, கந்தப்பன் கிடக்கும் அந்தச் சரிவுக்கு நேர் மேலே.