நீ தட்டுகிற நேரம்

இன்று காலை வண்டியின் பியூஸ் பெட்டியைத் திறந்ததும் உன் கொண்டை ஊசி என் மடியில் விழுந்தது. முன்பு அந்தப் பெட்டி மூடியின் கொக்கி ஒடிந்தபோது நான் புது மூடிக்காகக் கோவில்பட்டி முழுக்கக் கடை ஏறி இறங்கினேன். நீ தலையிலிருந்து ஊசியை உருவிச் சொருகி, "இது போதும், வாங்க" என்றாய். நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. ஊசி இன்னும் துருகூடப் பிடிக்கவில்லை.

பிக்கப் வண்டி மறுபடியும் கிளம்ப மாட்டேன் என்கிறது. சென்னையிலிருந்து மகள் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "தனியா அதோட மல்லுக்கட்டாதீங்கப்பா. இன்னைக்கும் ஸ்டார்ட் ஆகலைன்னா வித்துருங்க." சரி என்று சொல்லித் தொலைத்தேன். எப்போதும்வென்றான் ஊரிலிருந்து பழைய வண்டி வாங்குகிறவர் சாயங்காலம் வருகிறார். வண்டி போனால் போகட்டும். உன் சீட்டும் அதோடு போய்விடுமே.

உனக்குத் தெரியாததா? சாவியை முதல் சுற்றுத் திருப்பியதும் பெட்ரோல் டேங்குக்குள் பம்பு மெல்ல ரீங்கரிக்கும். இரண்டு மூச்சு நேரம்தான். அது கேட்ட பிறகுதான் ஸ்டார்ட் அடிக்க வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ் மிஷினுக்குப் பக்கத்திலேயே வாலிபத்தைக் கழித்த என் காதுக்கு அது எங்கே கேட்கும்? புதூருக்கு உளுந்து ஏற்றப் போகும்போதெல்லாம் நீ கூட வந்தது அதற்காகத்தான். தலையைச் சாய்த்துக் கேட்பாய். பம்பு ஓடினால் டாஷ்போர்டில் இரண்டு தட்டு. ஓடாவிட்டால் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பாய்.

"உங்க காதைக் கழட்டி எந்த உண்டியல்ல போட்டீங்க?" என்று ஒருநாள் கேட்டாய்.

"பொண்டாட்டி பேச்சு மட்டும் கேக்கக் கூடாதுன்னு வேண்டுனேன். சாமி மொத்தத்தையும் எடுத்துட்டாரு."

அதற்கும் இரண்டு தட்டு விழுந்தது, என் முதுகில்.

இன்று பார்த்தவரை பியூஸ் நன்றாக இருந்தது. பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயைக் கழற்றி ஹாரன் ரிலேயின் இடத்தில் மாட்டினேன். தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஹாரன் கத்தியது. ஆக ரிலேயும் சரி. அடுத்து, பம்புக்குப் போகும் வயரில் கரண்டு வருகிறதா என்று டேங்குப் பக்கம் பல்பு வைத்துப் பார்க்க வேண்டும். கரண்டும் அதே இரண்டு மூச்சு நேரம்தான் வரும். சாவியைத் திருப்பிவிட்டு, தொந்தியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிக் குனிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பல்பு எரிந்து அணைந்ததா, எரியவே இல்லையா, யாருக்குத் தெரியும்? இரண்டு ஆள் வேலை இது.

"என்ன அண்ணாச்சி, வண்டியைச் சுத்திச் சுத்தி வாரீய, வேண்டுதலா?" என்றார் எதிர்வீட்டுக் கடைக்காரர்.

"ஆமா அண்ணாச்சி, சாமிதான் கண்ணத் தொறக்க மாட்டேங்கு."

"நான் வேணா உள்ள ஏறிச் சாவியைத் திருப்பட்டா?" என்று இடப்பக்கக் கதவைத் திறந்தார். உன் பக்கம். சீட்டுக் கம்பி குத்தும் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் புத்தி வந்தது. பழைய வயரை ஒன்றோடொன்று முடிந்து, பின்னாலிருந்து முன்னால் இழுத்து, பல்பை உன் சீட்டில் வைத்தேன். சாவியைத் திருப்பினேன். எரிந்தது. இரண்டு மூச்சு நேரம் உன் சீட்டில் வெளிச்சம். ஆக, கரண்டு வருகிறது. வண்டி பாடியில் வைத்திருந்த பல்பின் இன்னொரு முனையைப் பம்பின் எர்த் வயருக்கு மாற்றி மறுபடி சாவியைத் திருப்பினேன். எரியவில்லை. கரண்டு வருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை.

அப்போதுதான் அந்த மழைநாள் ஞாபகம் வந்தது. புதூர் தாண்டி வண்டி நின்றுவிட்டது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, குச்சியை எடுத்து அடியில் அப்பியிருந்த கரிசல் மண்ணை நீ சுரண்டினாய்.

"எங்க சுரண்டணும்?"

"எர்த் போல்ட்டுக்கிட்ட."

"எர்த்துன்னா மண்ணுதான? மண்ணுக்கு மண்ணு ஒட்டிக்கிட்டு. இதுல வண்டிக்கு என்ன வருத்தம்?"

பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் கோட்டைவிட்டவன் நான். மறுப்புச் சொல்லத் தெரியாமல் சிரித்தேன். இரண்டு பேரும் சேற்றுக் கையோடு சிரித்துக்கொண்டு நின்றோம்.

இன்றும் அங்கேதான். காய்ந்த கரிசல் கல்லாக ஒட்டியிருந்தது. உள்ளே ஈரம் தங்கி, போல்ட்டைத் துரு தின்றிருந்தது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயரை வைத்து முறுக்கினேன். பல்பைக் கழற்றி எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

சாவியைத் திருப்பினேன். பம்பு பாடியிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் உன் பக்கம் திரும்பினேன். டாஷ்போர்டு சும்மா கிடந்தது. கொஞ்சம் பொறுத்து அடித்தேன். பிடித்துக்கொண்டது.

எப்போதும்வென்றான்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளுக்கும் போன் போட்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்கவைத்தேன். "யாருப்பா கூட இருந்து பார்த்தா?" என்றாள்.

"யாருமில்ல. நானேதான்."

"பரவாயில்லையேப்பா!"

பாராட்டுத்தான். எனக்குத்தான் அப்படிப் படவில்லை.

பியூஸ் பெட்டியை மூடி உன் ஊசியையே மறுபடி சொருகியிருக்கிறேன். இனியும் சாவியைத் திருப்பிய உடனே அடிக்க மாட்டேன். நீ தட்டுகிற நேரம் விட்டுத்தான் அடிப்பேன். யாராவது கேட்டால், பம்பு பெட்ரோலை ஏற்றுவதற்கு அந்த நேரம் வேண்டும் என்று சொல்லிக்கொள்வேன். அது பொய்யும் இல்லை.