டிரைவரின் சம்பளம்

அக்டோபர் 9, புதன்

சிராஜ் இன்றும் அதையேதான் கேட்டார். கிளிப் இருக்கா?

ஜித்தாவில் வியாழக்கிழமை காமெடி நிகழ்ச்சிக்கு ஆள் எடுப்பது அவர் ஒருவர்தான் என்ற மிதப்பு. உண்மையும் அதுதான், அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. மூன்று வருடமாகக் கல்யாண மண்டபங்களில் பெண்கள் பக்கம் பேசுகிறேன் என்று சொன்னேன். பாட்டுக்காரிகள் களைத்து உட்கார்ந்ததிலிருந்து மணப்பெண் உள்ளே வரும்வரை அந்த மேடை என்னுடையது. முந்நூறு, நானூறு பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "ரொம்ப நல்லது, வீடியோ அனுப்பு" என்றார்.

பெண்கள் கல்யாணத்தில் வீடியோவா? வாசலிலேயே போனை வாங்கித் துணிப்பையில் போட்டு டோக்கன் கொடுத்துவிடுகிறார்கள். கறுப்பு அங்கியான அபாயாவைக் கழற்றிவிட்டு அலங்காரத்தோடு உட்கார்ந்திருப்பவர்களை எவள் படம் எடுக்க விடுவாள்? இந்த ஊரில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு இது தெரியாதா?

தெரியுமாம். "ஆனா விஜ்தான், நான் பார்க்காத சிரிப்புக்கு நான் எப்படி டிக்கெட் விக்கறது?"

யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற திறந்த மேடையில் எடுத்த கிளிப் ஒன்றைக் காட்டினேன். பத்துப் பன்னிரண்டு பேர். சிரிப்பைவிட ஏசி சத்தம் அதிகம். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

கடைசியில் மனமிரங்கி, 24ஆம் தேதி நேரில் வந்து பேசிக் காட்டச் சொன்னார். புதிதாக ஒரே ஒரு ஆள்தான் எடுப்பாராம். எடுத்தால் சீசன் முழுவதும் வியாழன்தோறும் மேடை, ஒப்பந்தத்தோடு. நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையைத் தலைமுழுகலாம்.

டிரைவர் கதையைத்தான் சொல்லப் போகிறேன். இந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தான் எந்த கேமரா முன்னாலும் அதைச் சொல்லாமல் பொத்தி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 12, சனி

ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

பெண்களுக்கு லைசென்ஸ் தராத முப்பது வருடமும் பின் சீட்டில் உட்கார்ந்தே போய்வந்த அம்மா, ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கினாள். முதல் நாள். கைப்பையை எடுத்தாள், கீழே போனாள், பின் கதவைத் திறந்து ஏறினாள், சாத்தினாள், காத்திருந்தாள். கால் மணி நேரம். வியர்த்து வழிந்து மாடிக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள்: "இந்த டிரைவர் சரிப்பட மாட்டா. நேரத்துக்கு வரதில்ல. சம்பளத்தைப் பிடிங்க."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்: "முப்பது வருஷத்துல அவளுக்கு எப்ப சம்பளம் குடுத்தேன், இப்ப பிடிக்கறதுக்கு?"

இதில் நான் சேர்த்தது அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான். உண்மையில் ஐந்து நிமிடம் இருக்கும். அப்பா போய் இரண்டு வருடமாகிறது. மண்டபத்தில் அந்த வரி வரும்போது மனுஷன் எங்கேயோ உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

அக்டோபர் 18, வெள்ளி

ஒழுங்காக எழுத வரவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து அம்மா சோபாவில் சாய்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வர. "இந்தப் பையனைப் பாரேன்" என்று நீட்டினாள். ஹிஷாம். திறந்த மேடையில் என்னோடு நின்றவன். ஆளே வராத நாட்களில் அவனுக்கு நானும் எனக்கு அவனும் கைதட்டிக்கொள்வோம். அந்த ஹிஷாம் சொல்கிறான் — "எங்க அம்மா லைசென்ஸ் வாங்கின முதல் நாள்..."

பின் கதவு. கால் மணி நேரம். சம்பளம். அப்பாவின் வரி. எல்லாம், ஒன்று விடாமல். நான் சேர்த்த கால் மணி நேரத்தைக்கூட விடல, பாவி. நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

"பாவம், அவங்க அம்மாவும் என்னை மாதிரியே இருக்காங்க" என்றாள் அம்மா. "அவங்க வீட்டுக்காரரும் உங்க அப்பா மாதிரியே."

அது நீங்கதான்மா என்று கத்திவிட்டேன். கல்யாணத்துக்குக் கல்யாணம் நான் சொல்லும் கதை, அதை அவன் திருடிவிட்டான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா போனை மடியில் வைத்தாள். அப்புறம் கேட்டாள்: "மூணு வருஷமா என்னை வச்சா சம்பாதிக்கிறே?"

எழுந்து அறைக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

ஹிஷாமுக்கு போன் செய்தேன். பதறுவான் என்று நினைத்தேன். பதறவே இல்லை.

"எங்க அம்மா காலைச் சாப்பாட்டுல சொன்னது அது. வீட்டுல கேட்டது வீட்டுச் சொத்து. உன்னோடதுன்னா நீ சொன்ன வீடியோவைக் காட்டு."

அவன் அம்மா ஏதோ கல்யாணத்தில் நான் பேசும்போது உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு நன்றாகப் புரிகிறது. யாரிடம் போய் நிரூபிப்பேன்? கூட்டம் சிரித்தது நிஜமென்றாலும் வீடியோ, கதை என்னுடையது என்றாலும் வீடியோ. வீடியோ இல்லாவிட்டால் நான் பிறக்கவே இல்லையா?

வேறு கதை தயார் செய் என்று புத்தி சொல்கிறது. மாட்டேன். என் அம்மாவை என் வாயால் சொல்ல நான் ஏன் பயப்பட வேண்டும்?

அக்டோபர் 24, வியாழன்

பின் கதவைத் திறந்த இடத்திலேயே சிராஜ் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இது ஹிஷாமோடது. அடுத்தவங்க சரக்கை எடுக்கறவங்களை நான் மேடை ஏத்தறதில்ல."

அது எங்க அம்மா என்றேன். எல்லாருக்கும்தான் அம்மா இருக்காங்க என்றார். சீசன் ஒப்பந்தம் ஹிஷாமுக்கு. அவன் கிளிப்பைப் பார்த்துவிட்டு நேற்றே முடிவு செய்துவிட்டாராம். அப்போ என்னை எதுக்குய்யா வரச் சொன்னே?

அக்டோபர் 25, வெள்ளி

ஃபூல் அவரை மசியலும் தமீஸ் ரொட்டியும் வாங்கி வந்து நின்றபடியே தின்றேன். அழவில்லை. அழுதால் ஹிஷாமுக்கு அதுவும் ஒரு ஜோக்.

நவம்பர் 5, செவ்வாய்

கல்யாணங்களுக்கு என்னை ஏற்பாடு செய்யும் நவால் போன் செய்தாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெரிய இடத்துக் கல்யாணம், மணப்பெண்ணின் அம்மா என்னைத்தான் வேண்டும் என்று கேட்டாளாம். "அந்த டிரைவர் கதையைக் கண்டிப்பாச் சொல்லணுமாம்."

யார் அந்த அம்மா என்றேன்.

உம்மு ஹிஷாம். ஹிஷாமின் அம்மாவேதான். அவன் தங்கைக்குக் கல்யாணம்.

முடியாது என்று வாய்வரை வந்தது. இரண்டு மடங்கு, அதில் பாதி முன்பணம் என்று சொன்னேன், பேரம் படியாமல் போகட்டும் என்று. ஒரு மணி நேரத்தில் பணம் வந்துவிட்டது. என்ன குடும்பம் இது? மகன் திருடுகிறான், அம்மா காசு கொடுத்துக் கூப்பிடுகிறாள்.

நவம்பர் 16, சனி

நேற்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

உம்மு ஹிஷாம் பச்சைப் பட்டில், வாட்டசாட்டமான பெண்மணி. வாசலில் என் கையைப் பிடித்து முத்தமிட்டு, போனைப் பையில் போட வைத்து, முன் மேசையில் போய் உட்கார்ந்தாள். எனக்கு அவளை வெறுக்க வேண்டும் போலிருந்தது.

மாமியார்களைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார்கள். டிரைவர் கதையை ஆரம்பித்தேன். பின் கதவைத் திறந்ததும் இரண்டாவது மேசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "இது ஹிஷாம் அண்ணனோட ஜோக்காச்சே."

அங்கங்கே ஆமாம் ஆமாம் என்றார்கள். மண்டபம் அடங்கிப்போனது. மூன்று வருடத்தில் எனக்கென்று இருந்தது இந்த ஒரு இடம்தான். இங்கேயும் நான்தான் திருடி என்றாகிவிட்டது. மைக்கை வைத்துவிட்டு இறங்கப் போனேன்.

உம்மு ஹிஷாம் உட்கார்ந்தபடியே திரும்பினாள். "எங்க ஹிஷாமா? யாரைப் பத்திச் சொன்னான்?"

"உங்களைப் பத்தித்தான் அத்தை. லைசென்ஸ் வாங்கின அன்னிக்கு நீங்க பின் சீட்டுல ஏறி உட்கார்ந்தீங்களாமே."

"நானா? எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதேடி. லைசென்ஸுக்கு நான் எங்க போவேன்?"

எழுந்தே விட்டாள். "இது இந்தப் பொண்ணோட கதை. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கல்யாணத்துல இவ வாயால கேட்டுட்டு வந்து மறுநாள் வீட்டுல சொன்னேன். அந்தத் தடியன் தின்னுக்கிட்டே கேட்டுட்டு இருந்தான்." அப்புறம் என்னைப் பார்த்து, "நீ முதல்லேருந்து சொல்லு மகளே" என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன். அப்பாவின் வரி வந்தபோது எழுந்த சிரிப்பில் பாட்டுக்காரிகள் தாமாகவே தஃப் மேளத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

ஆஸ்பத்திரி. பல்வலிக்காரர்கள். இருந்தும் என்ன? நானூறு சாட்சி, ஒரு துண்டு ஆதாரம் இல்லை. அத்தனை போனும் வாசலில் பைக்குள் கிடந்தது.

நவம்பர் 20, புதன்

ஹிஷாமின் கிளிப்புக்குக் கீழே ஒருத்தி எழுதியிருக்கிறாள்: உங்க அம்மாவுக்கு எப்போ லைசென்ஸ் வந்தது? அதற்குக் கீழே இன்னொருத்தி. அதற்கும் கீழே வரிசையாக. அவன் அழிக்க அழிக்க வந்துகொண்டே இருக்கிறது.

நவம்பர் 21, வியாழன்

சிராஜ் கூப்பிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "எங்க அம்மா மூணு நாளா சோறு போடும்போதெல்லாம் உன் கதைதான். பக்கத்து வீட்டம்மா அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தாங்களாம்" என்றார். அடுத்த வியாழன் வருகிறாயா என்று கேட்டார். அது நன்றாகப் போனால் சீசன் முழுவதும்.

வருகிறேன், என் நிகழ்ச்சிக்கு வாசலில் போன்களைப் பையில் வாங்கி வைக்க வேண்டும் என்றேன். கிளிப் இல்லாம விளம்பரம் எப்படி என்று முனகினார்.

"அதை உங்க அம்மா பார்த்துக்குவாங்க" என்றேன்.

நவம்பர் 28, வியாழன்

மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே நாற்காலி இழுக்கும் சத்தம். ஹிஷாம் எனக்கு அடுத்து. பக்கத்து அறையில்தான் இருக்கிறான், இன்னும் கண்ணைப் பார்க்கவில்லை. ஆத்திரம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அம்மாவுக்கு முதல் வரிசை டிக்கெட். தானே வண்டி ஓட்டி என்னைக் கூட்டிப்போவதாகக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கீழே இறங்கிப் போனபோது பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், கைப்பை மடியில், கதவைச் சாத்திக்கொண்டு.

முன் சீட்டில் சாவி கிடந்தது.

"கால் மணி நேரமா உட்கார்ந்திருக்கேன்" என்றாள். "சீக்கிரம் எடு, சம்பளத்தைப் பிடிச்சுடுவேன்."