இரண்டாவது தடவை கேட்கவில்லை

ஜனவரி 29, புதன்

கல்லூரியின் வழிகாட்டித் திட்டத்தில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். வெள்ளையரல்லாத மாணவர்கள் ஒவ்வொருவருக்கும், வேலையில் இருக்கும் ஒருவரைத் துணைக்குக் கொடுக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் ரெனீட்டா கெய்ன்ஸ். கறுப்பினப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம், மருத்துவக் கருவி செய்யும் கம்பெனியில் ஏதோ பொறுப்பான பதவி. கேன்டீனில் உட்கார்ந்ததும் கேட்டார், "உனக்கு என்ன வேலை வேணும்?"

"எதுவா இருந்தாலும் சரிங்க."

"அப்படி ஒரு வேலை எந்தக் கம்பெனியிலயும் கிடையாது, மை சீ."

என் பெயரைச் சொல்லி அப்படிச் சொன்னதும் சுருக்கென்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காப்பியைக் கலக்கினேன். அப்புறம் சொல்லிவிட்டேன் — ஏரித் தண்ணீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் கோடைக்கால வேலை. நான் வேதியியல் எடுத்ததே அதற்காகத்தான். இதை இதுவரை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் கோடை என்றால் எங்கள் வெள்ளரித் தோட்டமும் செயின்ட் பால் நகரச் சந்தையில் எங்கள் கடையும்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

அந்த ஆய்வுக்கூட வேலைக்கு விண்ணப்பித்துவிட்டேன். இன்றைக்கு நேர்முகத்துக்கு ஒத்திகை. ரெனீட்டா கொடுத்த வீட்டுப்பாடம்: என்னைப் பற்றி நானே நல்லபடியாகப் பேச வேண்டும், சத்தமாக. கண்ணாடி முன்னால் நின்று, "நான் கவனமாக வேலை செய்வேன், சீக்கிரம் கற்றுக்கொள்வேன்" என்று ஆரம்பித்தேன். அண்ணன் டூ கெர் கதவோரம் நின்று கேட்டிருக்கிறான்.

"அம்மா, இங்க வந்து பாரேன். இவ தன்னைத் தானே பொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கா."

அம்மா அடுப்படியிலிருந்தே, "நல்ல வீட்டுப் பொண்ணு தன்னைப் பத்தித் தானே பேசமாட்டா. பேசுறதுக்கு மத்தவங்க இருக்காங்க" என்றாள்.

யார் இருக்கிறார்கள்? அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்து என்னைப் பற்றிப் பேச எந்த மாமன் வரப்போகிறான்? அம்மாவிடம் கேட்கவில்லை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு மீதியைப் பேசி முடித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

நேர்முகம் முடிந்தது. வாய் குழறவில்லை. மேலாளர் லினியா ஹால்வர்சன், நரைத்த பின்னலும் சேறு காய்ந்த பூட்ஸுமாக இருந்தார். கடைசியில் குளிர்பெட்டியைத் திறந்து, வரிசையாக நிற்கும் ஏரித் தண்ணீர்ப் புட்டிகளைக் காட்டினார். எனக்கு அங்கேயே தங்கிவிடலாம் போல இருந்தது.

அந்த வேலை எனக்கு வேண்டும். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

லினியா போன் செய்தார். "இந்தக் கோடைக்கு உன்னை எடுத்துக்கலாம்னு இருக்கோம். வர்றியா?"

காது ஜிவ்வென்று ஆகிவிட்டது. சந்தோஷத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயோ, வேணாங்க. என்னைவிடக் கெட்டிக்காரங்க இருப்பாங்க. அவங்களுக்குக் குடுங்க."

"சரிம்மா, புரியுது. ஒளிக்காம சொன்னதுக்கு நன்றி" என்று வைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறேன். தென்கிழக்காசிய மலைகளிலிருந்து அமெரிக்கா வந்த எங்கள் மோங் இனத்தார் வீடுகளில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், வயிறு ஒட்டிக் கிடந்தாலும், "வேணாம், இப்பதான் சாப்பிட்டேன்" என்போம். மறுபடி கூப்பிடுவார்கள். மறுபடியும் வேண்டாம் என்போம். கையைப் பிடித்து இழுத்தால்தான் உட்காருவோம். முதல் கூப்பிடுதலுக்கே உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும். அந்த வேண்டாம்தான் வாயிலிருந்து வந்தது, நான் யோசிக்கவே இல்லை.

மறுபடி கூப்பிடுவார். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒரே ஒரு தடவையா கேட்பார்கள்?

மார்ச் 19, புதன்

கூப்பிடவில்லை.

மார்ச் 20, வியாழன்

ரெனீட்டாவிடம் சொன்னேன். சிரிப்பார், அல்லது கத்துவார் என்று பயந்தேன். இரண்டும் இல்லை. "அடக் கடவுளே" என்றார், அதுவும் மெதுவாக.

"எங்க வீட்டுல இதுக்கு நேர்மாறு. பிள்ளைங்க ஒன்பது பேர். கோழிக்கறித் தட்டு சுத்தி வரும்போது எடுத்துக்கிட்டா உண்டு. வேணாம்னா அப்புறம் எலும்புதான். அதான் எனக்கு இது தோணவே இல்ல. உனக்கு எப்படிப் பேசணும்னு சொல்லிக் குடுத்தேனே, அவங்க எப்படிக் கேப்பாங்கன்னு சொல்லவே இல்லையே."

"அக்கா, நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"சொல்லலாம். சொன்னா, நான் கெஞ்சி வாங்கிக் குடுத்த பொண்ணுன்னு ஆயிடும். நீ கூப்பிடு. நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்."

மாட்டேன் என்று வந்துவிட்டேன். வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்த வீட்டுக்கே திரும்பிப் போய்ச் சோறு கேட்கிற மாதிரி இருக்காதா? எனக்கு அவமானம் பிடுங்கித் தின்கிறது.

வீட்டில் அம்மாவிடம் உடைத்துச் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒரே தடவைதான் கேட்டாளா?"

"ஆமாம்மா."

"கேட்டுட்டு அப்படியே விட்டுட்டாளா? என்ன பொம்பளை அவ. மனசாரக் கூப்பிடுறவ இப்படியா கூப்பிடுவா?"

தோட்டத்துக்கு ஆள் கிடைத்தாள் என்று அம்மா சந்தோஷப்படுவாள் என நினைத்திருந்தேன். அவள் எனக்காகக் கோபப்பட்டாள். அதில்தான் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 24, திங்கள்

கூப்பிட்டேன். ரெனீட்டாவின் காருக்குள் உட்கார்ந்து. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தனக்குக் காது கேட்காத மாதிரி இருந்தார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "நான் வேணாம்னு சொன்னது எங்க வீட்டு மரியாதைங்க. உண்மையில எனக்கு அந்த வேலை வேணும். ரொம்ப வேணும்."

லினியா சொன்னார், "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். வேற ஒரு பையனுக்குச் சொல்லிட்டேன். அவன் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்."

பையன் எந்த வீட்டுப் பையனோ. அவனும் மோங்காக இருந்து வேண்டாம் என்று சொல்லக்கூடாதா?

மார்ச் 28, வெள்ளி

சரி என்று சொல்லிவிட்டான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ரெனீட்டா வீட்டுக்கு வந்தார். கூப்பிட்டது அம்மா. வேலை கிடைக்காத பெண்ணுக்கு வாரந்தவறாமல் போன் செய்கிறவரைப் பார்க்க வேண்டுமாம். "சாப்பிட வாங்க" என்றதும், "வேணாங்க, இப்பதான் சாப்பிட்டேன்" என்றார் ரெனீட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா மறுபடி கூப்பிட, மறுபடியும் வேண்டாம் என்றார். அம்மா முகம் மலர்ந்து கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஒட்டரிசிச் சோறும் பன்றிக்கறியும் மிளகாய்த் துவையலும், கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டார்.

"எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"உன்கிட்டதான். காலையிலேர்ந்து பட்டினி. உங்க அம்மா ரெண்டாவது தடவை கேக்கலைன்னா செத்திருப்பேன்."

மே 16, வெள்ளி

தோட்டத்தில் வெள்ளரி விதை ஊன்றிக்கொண்டிருந்தபோது போன். லினியா.

"மை சீ, ஏரிக்குப் போய்த் தண்ணி எடுத்து வர ஒரு ஆள் கூடுதலா வேணும். விடியறதுக்கு முன்னாடியே படகுல ஏறணும், கொசு பிடுங்கும், அதனால யாரும்..."

"வர்றேங்க."

"நான் இன்னும் கேட்கவே இல்லையே."

"கேட்டுட்டீங்கன்னே வச்சுக்கோங்க."

அவர் சிரித்தது அம்மாவுக்கே கேட்டது. அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, என் கையிலிருந்த விதைப் பையை வாங்கிக்கொண்டாள். சந்தைக்கு யார் வருவது என்று கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

முதல் நாள். கிளம்பும்போது அம்மா வாசலில் நின்றாள். "சோறு கட்டித் தரட்டுமா?"

"வேணாம்மா, அங்க பார்த்துக்கறேன்."

"சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

பூட்ஸைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அம்மா வரவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் கேட்டது. எனக்குப் புரிய அவ்வளவு நேரமாயிற்று.

"அம்மா, வேணும்மா."

அம்மா ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். "அப்படிச் சொல்லு" என்றாள். பொட்டலம் முன்னாலேயே கட்டியிருந்தது, லினியாவுக்கும் சேர்த்து.