பெரட்டு முடிந்த பிறகு

மச்சான்,

இன்று களத்துக்கு யாரோ கடலை அவித்துக் கொண்டுவந்திருந்தார்கள். தேங்காய்ப்பூவும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தாளித்த அந்த வாசனை வந்ததும் உன்னைத் தேடித் திரும்பினேன். நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. என் கழுத்துக்கு அது இன்னும் தெரியவில்லை.

நம் தோட்டத்தில் பெரட்டுக் களம்தானே மைதானம். காலையில் வேலையை மேய்க்கும் கண்டாக்கு பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்குப் பிரித்துவிடும் இடம். மாலையில் அங்கேயே வலை கட்டி நம் பிள்ளைகள் கரப்பந்து ஆடுவார்கள். உன் மகளுக்குப் பந்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதே ஒரு ஆச்சரியம். அவள் அடித்தது தேயிலைக்குள் போனாலும் நீ கைதட்டுவாய். "தோத்தாலும் பல்லைக் காட்டுற மனுசன்" என்று நோர்வூட் தேத்தண்ணிக் கடையில் உன்னைப் பற்றிப் புறணி பேசியது நான்தான். வேறு யாரையாவது சந்தேகப்பட்டிருந்தால் மன்னித்துவிடு, அவரை.

நான் கோட்டோரம் நின்று சத்தம் போடுகிறவன். ஒருநாள் என் மகள் பந்தைத் தவறவிட்டாள். "கையில என்னடி, கொழுந்துக் கூடையா தொங்குது?" என்றேன். களமே சிரித்தது. சிரிப்புக் கிடைத்தால் எனக்குச் சோறு வேண்டாம், உனக்குத் தெரியும். அடுத்த பந்துக்கும் ஒன்று சொன்னேன். அவளும் சிரித்தாள், தலையைக் குனிந்துகொண்டு. நீ மட்டும் சிரிக்காமல் என் தோளில் கைபோட்டாய்.

"மச்சான், பெரட்டு காலையிலயே முடிஞ்சிருச்சு. இப்ப புள்ளைங்க வெளையாடுதுங்க."

அதையும் கடையில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். என் அம்மாவை மலையில் அதட்டிய கண்டாக்கின் அதே குரல்தான் என் வாயிலிருந்தும் வந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

பிறகு அவளுக்கு முட்டி வலி, ஆட வரவில்லை. எண்ணெய் தேய்த்தேன். ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். விளையாட்டில் பட்ட அடி என்று பெருமையாக ஊரெல்லாம் சொன்னேன். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்றேன். உன் கருமாதி முடிந்து லயத்து வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் மகள் வாய் திறந்தாள்.

"முட்டி வலியே இல்லப்பா. மாமாகிட்ட மட்டும்தான் சொன்னேன். உங்ககிட்ட சொல்லிறாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

எல்லாம் தெரிந்துகொண்டே நீ என்னோடு தேத்தண்ணி குடித்திருக்கிறாய். ஊர்க்கதை முழுவதையும் என்னிடம் கேட்டுக்கொண்டு, இந்த ஒன்றை மட்டும் எனக்குத் தராமல். தந்திருந்தால் இதையும் கடையில் விற்றிருப்பேன் என்று பயந்தாயா? சரியாகத்தான் பயந்திருக்கிறாய்.

இன்று அவள் மறுபடி ஆடினாள். வரட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "வாங்க. பேசாம நில்லுங்க" என்றாள். நின்றேன். அவள் போட்ட முதல் பந்து வலையில் விழுந்தது. நாக்கு நுனிக்கு ஒரு நக்கல் வந்தது மச்சான், இத்தனை வருடத்தில் அவ்வளவு நல்லது எனக்குக் கிடைத்ததில்லை. விழுங்கிவிட்டுக் கைதட்டத்தான் கையைத் தூக்கினேன். என் கை அசைந்ததைக் கண்டதும் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

மெதுவாகத் தட்டினேன். ஆட்டம் முடிந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்கு அந்தக் குறுகிய தோள்கள்தான் இன்னும் கண்ணில் நிற்கின்றன.